அடெரித்துவின் பதினோரு சுற்று மோட்டார்

பெனால்வின்யா என்கிற சின்ன ஊரில் கார் ஓட்டத் தெரிந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் அடெரித்துவிடம் திட்டு வாங்கிக் கற்றுக்கொண்டவர்கள். முப்பது வருடமாகப் பயிற்சிக் காரின் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, தன் காலடியில் இருக்கும் இன்னொரு பிரேக்கை மிதித்து மிதித்து, அவருடைய வலது ஷூ மட்டும் ஆறு மாதத்தில் தேய்ந்துபோகும். "மெல்லப் போம்மா, மெல்லப் போ. ஊரு எங்கயும் ஓடிடாது" என்று ஒரு நாளைக்கு நூறு தடவையாவது சொல்வார். ஊரே அவரை வாத்தியார் என்றுதான் கூப்பிடும். பாதிரியார்கூட அப்படித்தான் கூப்பிடுவார். பாதிரியாரும் ஓட்டுநர் தேர்வில் மூன்று முறை கோட்டைவிட்டவர்தான்.

இப்பேர்ப்பட்ட நிதானசாலி, மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை தீயணைப்பு நிலையத்தின் பின்முற்றத்துக்கு வந்து ரிமோட்டைக் கையில் பிடித்தால் ஆளே மாறிவிடுவார். அங்கே பழைய ரிமோட் வண்டிகளின் பந்தயம் நடக்கும். பெரிய பின்சக்கரம், முதுகில் ஓர் இறக்கை, உள்ளே ஒரு பிளாஸ்டிக் ஓட்டுநர் என்று ஒரு முழ நீள வண்டிகள். எல்லாம் அந்தக் காலத்தில் பிரான்சுக்கு வேலைக்குப் போன மாமன்மார்கள் ஆகஸ்ட் விடுமுறைக்கு வரும்போது டிக்கியில் போட்டுக் கொண்டுவந்தவை. வைத்திருப்பவர்கள் எட்டே பேர். எட்டுப் பேருக்கும் ஐம்பது தாண்டிவிட்டது. விதி ஒன்றுதான்: வண்டி 1989-க்கு முந்தியதாக இருக்க வேண்டும். உள்ளே போடும் மோட்டாரும் கன்ட்ரோலரும் அவரவர் இஷ்டம். அந்த இஷ்டத்தில்தான் எல்லா வம்பும் பிறந்தது.

மோட்டாருக்குள் கம்பி எத்தனை சுற்று சுற்றியிருக்கிறது என்பதுதான் கணக்கு. சுற்று குறையக் குறைய வேகம் கூடும். வண்டியோடு பெட்டியிலேயே வந்த வெள்ளி நிற மோட்டாருக்கு இருபத்தேழு சுற்று, பரம சாது. பதினொன்று என்றால் பேய். கன்ட்ரோலர் என்பது பாட்டரிக்கும் மோட்டாருக்கும் நடுவில் உட்கார்ந்து, எவ்வளவு மின்சாரம் போகலாம் என்று முடிவுசெய்கிற சின்னப் பெட்டி. பழசில் மூன்றே படி. புதுசில் பிக்கப் எவ்வளவு வேண்டும் என்றுகூடத் திருகி வைத்துக்கொள்ளலாம். ஆனால் இந்த மின்சாரத்தையெல்லாம் கடைசியில் தாங்க வேண்டிய கியர் பெட்டி 1986-ல் பிளாஸ்டிக்கில் வார்த்தது. பாவம், அதற்கு இருபத்தேழைத் தவிர வேறெதுவும் பழக்கமில்லை.

இதெல்லாம் அடெரித்துவுக்குத் தெரிந்த அளவு மாவட்டத்திலேயே யாருக்கும் தெரியாது. யார் வந்து கேட்டாலும் வண்டியைக் கையில் வாங்கி, பின்சக்கரத்தை மெல்லத் திருப்பி, காதருகே வைத்துக் கேட்டுவிட்டுத்தான் பதில் சொல்வார்.

"வாத்தியாரே, பதினஞ்சு சுத்து போட்டுப் பாக்கலாமா?" என்று சவப்பெட்டி செய்யும் பெல்மீரு ஒருநாள் கேட்டார்.

"கியர் பல்லு தேஞ்சு கெடக்கு, இதுல பதினஞ்சா? உனக்கு ஏற்கெனவே பொணத்துக்குப் பஞ்சமில்ல பெல்மீரு, வண்டியையும் பொணமாக்காத. இருபத்தேழே போடு. கன்ட்ரோலர்ல பிக்கப்ப பாதியாக் குறை."

சொன்னதெல்லாம் தங்கமான யோசனை. அப்படியே செய்தவர்கள் அத்தனை பேரின் வண்டியும் ஓடியது. இவ்வளவும் அவருக்கு எப்படித் தெரியும் என்றால், எல்லாவற்றையும் அவர் ஏற்கெனவே தன் வண்டியில் போட்டு உடைத்துப் பார்த்துவிட்டார். மற்றவனுக்கு இருபத்தேழு எழுதிக் கொடுத்துவிட்டுத் தன் வண்டிக்குப் பதின்மூன்றைப் பொருத்துவார். கை அரிப்பு, வேறென்ன? பந்தயம் தொடங்கிய இந்த ஒன்பது வருடத்தில் அவர் வண்டி ஒரு தடவைகூடக் கடைசிக் கோட்டைத் தாண்டியதில்லை. வண்டி உடைந்தவர் மஞ்சள் சட்டை மாட்டிக்கொண்டு மூலையில் நின்று, மற்றவர்களுடைய வண்டி கவிழ்ந்தால் நிமிர்த்திவிட வேண்டும் என்பது அங்கே வழக்கம். பந்தயச் சங்கத்தின் புகைப்படங்கள் எல்லாவற்றிலும் அடெரித்து மஞ்சள் சட்டையில்தான் இருப்பார்.

அந்த வருடம் ஈஸ்டர் விருந்தில் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார். மேஜையில் வறுத்த ஆட்டுக்குட்டி, எதிரே மனைவியின் தம்பி செஃபெரீனு. சதுக்கத்தில் காப்பிக்கடை வைத்திருப்பவர். வெள்ளி மோட்டாரும் மூன்று படி கன்ட்ரோலரும் வைத்துக்கொண்டு, வருடத்தில் பாதிப் பந்தயத்தை ஜெயிக்கிறவரும் அவர்தான்.

"மச்சான், ஆகஸ்ட் திருவிழாவுக்கு எந்த மூலைல நிக்கப் போறீங்க? முன்னாடியே சொன்னா ஒரு நாற்காலி போட்டு வைப்பேன்" என்றார் செஃபெரீனு.

"டேய், காப்பிக்கொட்டை அரைக்கிற மோட்டார வச்சுக்கிட்டு நீயெல்லாம் பேசாத."

"அரைக்கிற மோட்டாரு கோட்டத் தாண்டுது மச்சான். உங்களுது தாண்ட மாட்டேங்குதே."

மேஜையே சிரித்தது. அடெரித்துவுக்குக் காது மடல் சிவந்துவிட்டது. "ஆகஸ்ட் பந்தயத்துல இருபது ரவுண்டும் முடிச்சுக் கோட்டத் தாண்டலன்னா வண்டிய உனக்கே குடுத்துடறேன், போடா!"

"ஏ மனுஷா, வாயில வர்றதையெல்லாம் கொட்டிட்டு அப்புறம் ராத்திரி பூராப் புரளாத" என்றாள் மனைவி கிராசியேத். அதற்குள் செஃபெரீனு கை நீட்டிவிட்டார். இவரும் அடித்துக் கொடுத்துவிட்டார்.

செஃபெரீனு சும்மா இருக்கிற ஆளா? புதன்கிழமைக்குள் பெல்மீருவிடம் சொல்லி ஒரு கண்ணாடிப் பெட்டி செய்துவிட்டார். சவப்பெட்டி மரம், அதே வார்னிஷ். காப்பிக்கடையில் தொலைக்காட்சிக்குக் கீழே வைத்து, உள்ளே ஒரு சின்ன விளக்கும் போட்டுவிட்டார். பெட்டி காலி, விளக்கு மட்டும் எரியும். வருகிறவர் போகிறவரெல்லாம் "இதுல என்ன வைக்கப் போறே?" என்று கேட்பார்கள். "வாத்தியார் வண்டி. ஆகஸ்ட்ல வந்துரும்" என்பார். அடெரித்து தினமும் காலை பத்து மணிக்கு அங்கேதான் காப்பி குடித்தாக வேண்டும். ஊரில் வேறு காப்பிக்கடை கிடையாது. முதல்முறையாக அவருக்குப் பயம் வந்தது. மாமா அந்த வண்டியைக் கொடுத்தபோது அவருக்கு வயது பதினேழு. அதை ஒரு பெட்டிக்குள் விளக்குப் போட்டுப் பிணமாகப் பார்த்துக்கொண்டு காப்பி குடிப்பதா?

ஜூன் மாதம் பதின்மூன்று சுற்று மோட்டாரைப் போட்டு ஓட்டிப் பார்த்தார். நான்காவது ரவுண்டில் 'கடக்' என்றது. கியரில் மூன்று பல் போயிற்று. அந்த மாடலுக்கு அவரிடம் இருந்தது இன்னும் ஒரே ஒரு செட். இருமல் மிட்டாய் டப்பாவில் பஞ்சு சுற்றி வைத்திருந்தார். வேறு எங்கேயும் கிடைக்கவில்லை. ஜெர்மனியில் ஒருவரிடம் இருப்பதாகச் சொன்னார்கள்; கடைசியில் அவரே இவரிடம் ஒரு செட் கிடைக்குமா என்று கேட்டு எழுதினார்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் கொட்டகைக் கதவைச் சாத்திக்கொண்டு, திருட்டுத்தனமாக வெள்ளி மோட்டாரைப் பொருத்தினார். புது கன்ட்ரோலரில் பிக்கப்பைப் பாதிக்குக் குறைத்தார். பெல்மீருவுக்குச் சொன்ன அதே வைத்தியம். பின்தெருவில் விட்டுப் பார்த்தார். இரண்டு பாட்டரி தீரும்வரை ஓடியது. ஒரு சத்தமில்லை, ஒரு சூடில்லை, சனியன் ஒன்றுமே ஆகவில்லை. அவருக்கு அவமானத்தில் அழுகையே வந்துவிட்டது. ஒன்பது வருடமாக மச்சினனை எந்த மோட்டாருக்காகக் கேலி செய்தாரோ, அதே மோட்டார்!

பந்தயத்துக்கு முன்னால் இன்னொரு கண்டமும் இருந்தது. எட்டு வண்டிகளையும் தீயணைப்புக்காரர்களின் சாப்பாட்டு மேஜையில் வரிசையாக வைப்பார்கள். நிலையத்தின் கமாண்டர் எவுரீக்கு மைக்கோடு வருவார். ஒவ்வொருவரும் தன் மோட்டார் எத்தனை சுற்று, என்ன கன்ட்ரோலர் என்று கூட்டத்துக்குக் கேட்கச் சொல்ல வேண்டும். எதிராளி அசந்திருக்கட்டும் என்று சிலர் வேகமான மோட்டாரை வைத்துக்கொண்டு மெதுவானது என்று புளுகுவதுண்டு. மெதுவானதை வைத்துக்கொண்டு வேகமானது என்று புளுக யாருக்கு என்ன பைத்தியம்? அதனால் அந்தப் பக்கத்தை யாரும் சோதித்ததே இல்லை.

அடெரித்துவுக்கு அந்தப் பைத்தியம் பிடித்தது. எரிந்துபோன பழைய பதினோரு சுற்று மோட்டார் ஒன்று கிடந்தது. அதன் உடம்பு முழுக்க ஊதா நிற லேபிள், மேலே கொட்டை எழுத்தில் 11. அதை உரித்து வெள்ளி மோட்டாருக்குப் போர்த்திவிட்டால்? மோட்டார் வண்டிக்குள் உட்கார்ந்த பிறகு அதன் பின்பக்கம் யார் கண்ணுக்கும் தெரியாது. பசை இளக வேண்டுமே என்று கிராசியேத்தின் முடிதிருத்தும் நிலையத்துக்குப் போய் டிரையரைக் கேட்டார்.

"எதுக்கு?"

"சும்மாதான்."

அவள் பின்னாலேயே வந்து பார்த்தாள். கண்ணாடி முன்னால் உட்கார்ந்து ஒரு மோட்டாருக்குச் சூடு காட்டிக்கொண்டிருந்தார். விஷயம் ஒரு நிமிடத்தில் புரிந்துவிட்டது. முப்பது வருடக் குடித்தனம் அல்லவா?

"ஜெயிக்கிறதுக்குப் பொய் சொல்றவன் உண்டு. நீ மெதுவாப் போறதுக்குப் பொய் சொல்றியே மனுஷா!"

"உனக்குப் புரியாது."

"எனக்கா புரியாது? நரைச்ச முடிக்குச் சாயம் போடறதுதான் என் தொழிலே. கொண்டா இப்படி, சுருக்கம் விழாம நான் ஒட்டித் தர்றேன்" என்று அவளே ஒட்டிக் கொடுத்தாள்.

திருவிழா ஞாயிறு. பிரான்சிலிருந்து வந்தவர்களெல்லாம் முற்றத்தில் குழுமியிருந்தார்கள். பன்றிக்கறி வைத்த ரொட்டி ஒரு கையில், பீர் ஒரு கையில். எவுரீக்கு மைக்கை நீட்டினார்.

"இருபத்தேழு. மூணு படி" என்றார் செஃபெரீனு. யாரோ கொட்டாவி விட்டார்கள்.

அடெரித்து தொண்டையைச் செருமினார். "பதினொண்ணு!"

கூட்டம் 'ஹோ'வென்று கத்தியது. செஃபெரீனு முகமெல்லாம் பல்லாகி, "பெட்டியத் தொடச்சு வச்சிருக்கேன் மச்சான்" என்றார்.

பந்தயம் ஆரம்பித்தது. வெள்ளி மோட்டாரில் ஒரு சௌகரியம்: விரலை முழுக்க அழுத்திப் பிடித்துக்கொண்டே இருக்கலாம், வண்டி மிரளாது. செய்ய வேறு வேலையே இல்லாததால், அடெரித்து வாழ்க்கையில் முதல்முறையாக வளைவுகளைப் பார்த்தார். எங்கே அகலமாக எடுப்பது, எங்கே உள்ளே ஒட்டுவது என்று முப்பது வருடமாக ஊராருக்குக் கத்திக் கத்திச் சொன்னதெல்லாம் அவர் விரலுக்கே வந்து சேர்ந்தது. பெல்மீரு கவிழ்ந்தார். மருந்துக்கடை வால்டெமார் மணல் மூட்டையில் முட்டினார். பதினேழாவது ரவுண்டில் முன்னால் செஃபெரீனு மட்டும்தான். நீர்த்தொட்டி வளைவில் செஃபெரீனு எப்போதும் விரலைத் தளர்த்துவார். அடெரித்து தளர்த்தவில்லை. கடைசிக் கோட்டை ஒரு சக்கர அகலத்தில் முந்திக் கடந்தார்.

அவரைத் தோளில் தூக்கிவிட்டார்கள். பேண்டு வாத்தியக்காரர்கள் புனிதருக்கு வாசிக்க வேண்டியதை அவருக்கு வாசித்தார்கள். "பதினொண்ணப் போட்டுக்கிட்டு என்னா நிதானம் பாத்தியா!" என்று வால்டெமார் வாய் பிளந்தார். செஃபெரீனு, "பதினொண்ணு இருந்தா நான்கூட ஜெயிப்பேன்" என்று தன்னைத் தேற்றிக்கொண்டு போனார். மறுநாள் கண்ணாடிப் பெட்டியில் முட்டைக் கஸ்டர்ட் பலகாரம் அடுக்கியிருந்தது.

அடெரித்துவுக்கு ஒரு வாரம் தலைகால் புரியவில்லை. அப்புறம் ஒவ்வொருவராகக் கொட்டகைக்கு வர ஆரம்பித்தார்கள்.

"வாத்தியாரே, அந்தப் பதினொண்ணு எங்க வாங்கினீங்க?" என்றார் வால்டெமார்.

"வேணாம் வால்டெமார் சார். உங்க கியருக்கு இருபத்தேழுதான் லாயக்கு. உங்க கன்ட்ரோலரும் தாங்காது, புகைஞ்சிரும்."

"ஓஹோ! நீங்க மட்டும் பறக்கணும், நாங்க உருட்டணுமா?"

"நிஜமாச் சொல்றேன்யா."

"சரி சரி, சொல்ல வேணாம். இன்டர்நெட்டுல கிடைக்காததா?" என்று முறைத்துக்கொண்டு போய்விட்டார். அடுத்து வந்தவரும் அப்படியே. ஒன்பது வருடம் கண்ணை மூடிக்கொண்டு நம்பியவர்கள், இப்போது ஒரே ஒருவர்கூட நம்பவில்லை. 'என் வண்டியிலேயும் இருபத்தேழுதான்' என்று மூன்று வார்த்தை சொன்னால் போதும். நாக்கு நுனிவரை வரும். அந்தத் தோளில் தூக்கியது நினைவுக்கு வரும். விழுங்கிவிடுவார்.

செப்டம்பர் ஞாயிறு, மைக் மேஜையோரமாக நகர்ந்தது. பதினொண்ணு. பதினொண்ணு. பதினொண்ணு. ஏழு பேரும்! செஃபெரீனுவின் முறை வந்தபோது அவர் அடெரித்துவை நேராகப் பார்த்து, நெஞ்சை நிமிர்த்தி, "பதினொண்ணு" என்றார். அடெரித்துவும் தன் முறைக்கு அதே பொய்யை முணுமுணுத்தார்.

முதல் வளைவிலேயே நான்கு வண்டிகள் 'கடக், கடக், கடக், கடக்' என்றன. வால்டெமாரின் கன்ட்ரோலர் புகைந்தது. எவுரீக்கு மைக்கைப் போட்டுவிட்டு மணல் வாளியோடு ஓடினார். அந்த நிலையத்துக்கு அந்த மாதம் வந்த ஒரே தீ அதுதான். பெல்மீருவின் வண்டி பறந்து போய்த் தீயணைப்பு லாரிக்கு அடியில் விழுந்தது. மூன்றாவது ரவுண்டில் செஃபெரீனுவுடையதும் நின்றுவிட்டது; அவர் அதைக் கையில் எடுத்தபோது பல் உதிர்ந்த சத்தம் உள்ளே கலகலவென்று கேட்டது. ஏழு பேரும் மஞ்சள் சட்டை மாட்டிக்கொண்டு ஏழு மூலையில் போய் நின்றார்கள். நிமிர்த்திவிட ஒரே ஒரு வண்டிதான் பாக்கி, அதுவும் கவிழ்வதாக இல்லை. அடெரித்துவின் வண்டி தன்னந்தனியாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

"முதலிடத்தில் வாத்தியார்" என்று எவுரீக்கு மைக்கில் சொன்னார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "ரெண்டாவது இடமும் வாத்தியார்தான்னு வச்சுக்கலாம்" என்றார்.

ஒன்பதாவது ரவுண்டில் அடெரித்து விரலை எடுத்துவிட்டார். வண்டி நடு முற்றத்தில் நின்றது. செஃபெரீனு ஓடி வந்தார். "என்ன மச்சான், உங்களுதும் போச்சா?"

"போகல. போகாது." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "உள்ள இருக்கறது வெள்ளி மோட்டாருடா."

"இன்னிக்கா?"

"ஆகஸ்ட்லயும்."

செஃபெரீனு தண்ணீர்க் குழாய்ச் சுருளின்மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "அப்ப… என்கிட்ட இருந்த அதே மோட்டார வச்சா என்னை ஜெயிச்சீங்க?"

"அதேதான்."

"நீர்த்தொட்டி வளைவுல?"

"நீ விரலத் தளத்தினே. நான் தளத்தல."

அடெரித்துவுக்கே அப்போதுதான் உறைத்தது. அந்த லேபிளை ஒட்டாமல் இருந்திருந்தால், சரிக்குச் சரி நின்று ஜெயித்தவன் என்று ஊரே சொல்லியிருக்கும். உள்ளதை மறைத்து, தன் பெருமையைத் தானே மோட்டாருக்குத் தாரை வார்த்துவிட்டார். மடையன்!

செஃபெரீனு அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "மச்சான், யாருக்கும் சொல்லாதீங்க. பதினொண்ணுகிட்ட தோத்தேன்னு ஒரு மாசமா எல்லாருக்கும் சொல்லிட்டுத் திரியறேன். இப்ப போய் இதச் சொன்னா என் கடையில வந்து என்னையே சிரிப்பானுங்க. பதினொண்ணாவே இருந்துட்டுப் போகட்டுமே, உங்களுக்கும் நல்லதுதானே?"

அடெரித்து திரும்பிப் பார்த்தார். அந்தப் பக்கம் வால்டெமார், கருகிய கன்ட்ரோலரைக் கையில் வைத்துக்கொண்டு பெல்மீருவிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "நம்ம பிக்கப்பதான் சரியா வைக்கல. அடுத்த மாசம் பெரிய கன்ட்ரோலரா வாங்கி, ஒம்போது சுத்து போட்டுப் பாப்போம். வாத்தியாருக்கு ஓடுதுல்ல?"

அதற்குமேல் தாங்கவில்லை. நேராகப் போய் எவுரீக்குவின் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கினார்.

"எல்லாரும் கேளுங்க. என் வண்டில இருபத்தேழு சுத்து. ஆகஸ்ட்லயும் இருபத்தேழுதான். பொய் சொன்னேன். வெக்கமா இருந்துச்சு, அதான். இனி எவனாச்சும் ஒம்போதப் போட்டா இந்தக் கையாலயே அடிப்பேன்!"

பெல்மீரு தன் மஞ்சள் சட்டையைக் கழற்றி அவர் தலையில் வீசினார். வால்டெமார் வாயில் வந்ததையெல்லாம் வகைதொகையில்லாமல் விட்டார். அவ்வளவு கெட்ட வார்த்தை அவருக்குத் தெரியும் என்று யாருக்கும் தெரியாது. செஃபெரீனு சாப்பிடாமலே கிளம்பிவிட்டார்.

அக்டோபரில் பந்தயமே இல்லை. ஓட வண்டி வேண்டுமே? அடெரித்து சனிக்கிழமைப் பயிற்சிகளையெல்லாம் ரத்து செய்துவிட்டு ஏழு கியர் பெட்டிகளைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். பக்கத்து நகரமான விசேயுவில் ஓர் இளைஞன் நைலானில் பல்சக்கரம் அச்சடித்துத் தருகிறான் என்று தேடிப் பிடித்தது கிராசியேத். செஃபெரீனு ஆறு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. காப்பியை மேஜையில் 'டொக்'கென்று வைத்துவிட்டுப் போவார். ஆனால் வண்டியை மட்டும் பையில் போட்டு அக்காவிடம் கொடுத்தனுப்பியிருந்தார்.

நவம்பர் ஞாயிறு, கஷ்கொட்டை சுடுகிற வாசனை. மைக் மேஜையோரமாக நகர்ந்தது. எட்டுப் பேரும் இருபத்தேழு. கூட்டம் கொட்டாவி விட்டது. பந்தயம் முடிந்து அடெரித்து வீட்டுக்கு வந்தபோது முகம் பளபளவென்று இருந்தது. கிராசியேத் சூப்பைக் கிளறிக்கொண்டே கேட்டாள்.

"என்ன, ஜெயிச்சியா?"

"உன் தம்பி ஜெயிச்சான். நீர்த்தொட்டி வளைவுல விரலத் தளத்தவே இல்ல, திருட்டுப்பய. பந்தயம் முடிஞ்சதும் வந்து கட்டிப்புடிச்சான்."

"நீ?"

"நாலாவது."

"நாலாவதா வந்ததுக்கா இந்தச் சிரிப்பு?"

"அடியே," என்றார் அடெரித்து, ஷூவைக் கழற்றிக்கொண்டே, "மூலைல நிக்க இன்னிக்கு ஒரு ஆளும் இல்லடி. எட்டுப் பேரும் கோட்டத் தாண்டிட்டோம்."